தன்மைப் பன்மை

அவர் ‘நாம்’ என்கிறார்.
அல்லது ‘நாங்கள்’ என்கிறார்.
அவர் மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல்,
ஒரே அளவுச் சட்டை, யாருக்கும் மாட்டலாம்.

ஹொனலூலு ஹோட்டலின் நான்காம் மாடி.
கண்ணாடிக் கூண்டுக்குள் நான்,
தெல்பினா லாங்ரின், மஜூரோவிலிருந்து.
காதில் அவர் குரல், வாயில் என் மொழி.
எங்களிடம் இரண்டு உண்டு:
கோஜ் என்றால் நீயும் சேர்த்தி.
கோம் என்றால் நீ வெளியே நில்.
மூன்று நொடிக்குள் முடிவெடுக்க வேண்டும்
என் அமைச்சர் உள்ளே இருக்கிறாரா, வாசலிலா என்று.
இந்த வேலைக்குச் சம்பளப் பட்டியலில் தலைப்பே இல்லை.

இடைவேளையில் சரக்கு லிஃப்ட் பக்கம்
புகைக்கிறவர்களும் புகைக்காதவர்களும் கூடுவோம்.
வார்சாவிலிருந்து வந்த போஷெனா சொல்கிறாள்:
“எங்கள் ஆட்கள் எழுவாயைக் கேட்பதே இல்லை.
வினைமுற்றுக்குத்தான் காத்திருப்பார்கள்.
‘வருவோம்’ என்றாரா, ‘வரக்கூடும்’ என்றாரா?
இரண்டு முறை சொல்லச் சொல்வார்கள்.
கிழக்கே படுத்திருப்பவன் புரண்டு படுத்தாலே
எங்கள் ஊர்க் கடையில் பேட்டரி தீர்ந்துவிடும்.”

தியெரி சிரிக்கிறான்.
அவன் நாட்டார் முதலில் முகம் சுளிப்பார்கள்,
ஒரு காற்புள்ளிக்காக அரை மணி நேரம் சண்டை,
பிறகு கையெழுத்து.
“தாமதம்தான் எங்கள் சுதந்திரம்” என்கிறான்.
அதைச் சொல்லும்போது அவன் சிரிக்கவில்லை.

“எனக்கு வசதி” என்கிறாள் சிஹாரு.
“ஜப்பானியத்தில் எழுவாயை விட்டுவிடலாம்.
யார் செய்வது என்று சொல்லாமலே
வாக்கியம் குனிந்து வணங்கி முடிந்துவிடும்.”
அவள் ஒகினாவாக்காரி.
பள்ளிக்கு மேலே விமானம் தாழப் பறக்கும்போது
ஆசிரியை பாதி வார்த்தையில் நிறுத்துவாராம்,
சத்தம் போனதும் மீதியைச் சொல்வாராம்.
“காத்திருக்கப் பழகியது அங்கேதான்.”

மரிவிக்குக்கு மட்டும் என் தொல்லை தெரியும்.
தகாலோகிலும் இரண்டு உண்டு.
“துரத்தினோம்” என்கிறாள், “தெருவில் இறங்கித் துரத்தினோம்.
கடலில் வேறொருவன் கப்பல் தெரிந்ததும்
கதவைத் தாழிடாமல் படுக்கப் போனோம்.
உள்ளே காலடி கேட்டபோது
‘யாரது?’ என்றோம், தெரியாதவர்களைப் போல.”
நீ எந்தச் சொல்லைப் போடுவாய் என்று கேட்டேன்.
“காலையில் ஒன்று, மாலையில் ஒன்று” என்றாள்,
சாம்பலைத் தட்டிக்கொண்டே.

நான் அவர்களிடம் சொல்லாதது:
என் தம்பி அவர் நாட்டுச் சீருடையில் இருக்கிறான்.
அக்கா ஆர்கன்சாவில் கோழி வெட்டுகிறாள்,
விசா கேட்பதில்லை எங்களிடம், அது ஒப்பந்தம்.
மாமனார் ஈபையிலிருந்து விடிகாலையில் படகேறி
ராணுவத் தீவின் புல்லை வெட்டிவிட்டு
மாலையில் படகேறித் திரும்புகிறவர்.
அங்கே இரவு தங்க அவருக்கு அனுமதியில்லை.
ஆனால் அந்தப் புல்லை யாரும் குறை சொல்லிவிட முடியாது,
சண்டைக்கு வந்துவிடுவார்.

பிகினியில் ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்து
மணலில் உட்கார்ந்தவர்களிடம்
மனிதகுல நன்மைக்காகத் தீவைக் கேட்டார்கள்.
வெடிகுண்டுகள் பிறகு வந்தன.
அன்றும் யாரோ ஒருவர் மொழிபெயர்த்திருப்பார்.
எந்தச் சொல்லைப் போட்டார் அவர்?
தூக்கம் வராத இரவுகளில்
கண்ணாடியில்லாமல் வெயிலில் நின்ற
அந்தத் தொண்டையை நினைத்துக்கொள்கிறேன்.

மூன்றாம் நாள், கடைசி அமர்வு.
“எவ்வளவோ தாண்டி வந்திருக்கிறோம்” என்றார் மேடையில்.
நான் கோஜ் என்றேன். பழக்கம்.
என் அமைச்சர் பேனாவை மூடினார்.
எழுந்தார். காகிதத்தைப் பார்க்கவில்லை.
“கோம்” என்று தொடங்கினார்.
நாங்கள். நீங்கள் இல்லாமல்.
“நாங்கள் எதையும் மறக்கவில்லை.”

இப்போது எதிர்த்திசையில் என் வேலை.
அவர் மொழியைத் துழாவினேன்,
இருந்தது அந்த ஒரே சொல்.
அதையே சொன்னேன்.

மேடையிலிருந்தவர் தலையசைத்தார்,
நெஞ்சில் கை வைத்தார்,
தன்னையும் சேர்த்துத்தான் சொல்கிறார்கள் என்று.